பல் இடுக்குக்குத் தண்ணீர்: வாட்டர் ஃபிளாஸரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு

பல் துலக்கித் துப்பும்போது எச்சிலோடு லேசாகச் சிவப்பு வருவதைப் பலர் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பிரஷ் கொஞ்சம் அழுத்திப் பட்டிருக்கும் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நலமாக இருக்கும் ஈறு, பிரஷ் பட்டதற்கெல்லாம் ரத்தம் விடாது. ரத்தம் வருகிறது என்றால் அங்கே அழற்சி இருக்கிறது என்று பொருள். அந்த அழற்சி பெரும்பாலும் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில், பிரஷ் எட்டாத இடத்தில்தான் தொடங்கியிருக்கும்.

அந்த இடுக்கைத் தண்ணீர் பீச்சிக் கழுவுகிற கருவிதான் வாட்டர் ஃபிளாஸர். இதைப் புதிதாக வாங்கி வைத்திருப்பவர்களுக்கும், வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நமக்கு உதவுகிறதா என்பதை வாய் எவ்வளவு புத்துணர்ச்சியாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் பீச்சினால் யாருக்கும் புத்துணர்ச்சியாகத்தான் இருக்கும். ஈறில் ரத்தம் குறைகிறதா என்று பாருங்கள். கடைசி வரை நான் திரும்பத் திரும்ப வரப்போவது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

இடுக்கில் என்ன நடக்கிறது

ஒரு பல்லுக்கு ஐந்து பக்கங்கள். கன்னத்தைப் பார்த்த பக்கம், நாக்கைப் பார்த்த பக்கம், மெல்லும் பக்கம் ஆகிய மூன்றிலும் பிரஷ் நன்றாக வேலை செய்யும். மீதி இரண்டு பக்கங்களும் பக்கத்துப் பற்களை ஒட்டி நிற்பவை. அங்கே பிரஷ்ஷின் நார் சரியாக நுழைவதில்லை.

நுழையாத இடத்தில் பிளேக் சேர்கிறது. பிளேக் என்பது உணவுத் துணுக்கு அல்ல. பாக்டீரியாக்கள் ஒன்றுகூடிப் பல்லின்மேல் கட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பான படலம். வாயைக் கொப்பளித்தால் துணுக்கு போய்விடும், படலம் போகாது. அதை நாள்கணக்கில் விட்டுவைத்தால் எச்சிலில் இருக்கும் தாதுக்கள் அதில் படிந்து காரையாக இறுகிவிடும். காரை ஆனபின் பிரஷ்ஷோ, இடுக்கில் விட்டு இழுக்கும் ஃபிளாஸ் நூலோ, தண்ணீரோ அதை அசைக்க முடியாது. பல் டாக்டரிடம் போய் ஸ்கேலிங் செய்துதான் எடுக்க வேண்டும்.

படலம் சேர்ந்தால் ஈறு எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதை 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் உடன் இருந்தவர்களும் நேரடியாகச் சோதித்துக் காட்டினார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரை வாய்ச் சுத்தம் செய்வதை முழுக்க நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கவும் இடுக்கைச் சுத்தம் செய்யவும் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. எனக்கு மிகப் பெரிய நம்பிக்கை தரும் ஆய்வு இதுதான். ஈறு அழற்சி இந்தக் கட்டத்தில் இருக்கும்வரை முழுசாகத் திரும்பிவிடக்கூடியது. அதைத் தாண்டி எலும்பைத் தொட்டுவிட்டால், போன எலும்பு தானாகத் திரும்பி வராது.

கருவி செய்யும் வேலை

1962இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் பல் மருத்துவர் ஜெரால்ட் மோயரும் நீரியக்கப் பொறியாளர் ஜான் மாட்டிங்லியும் சேர்ந்து உருவாக்கியது இது. பிற்பாடு வாட்டர்பிக் என்ற பெயரில் பரவியது. அதன் சூட்சுமம் தண்ணீரின் வேகத்தில் மட்டும் இல்லை, விட்டு விட்டு அடிப்பதில் இருக்கிறது. பல மாடல்களில் நிமிடத்துக்கு 1,200க்கும் மேற்பட்ட துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் தண்ணீர் ஈறை ஒரு கணம் அழுத்துகிறது, அடுத்த கணம் விடுகிறது. விடும் அந்த நேரத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கிடக்கும் கசடும் பாக்டீரியாவும் வெளியே அலசப்படுகின்றன. குழாய்த் தண்ணீரைப் போல ஒரே சீராக ஊற்றினால் இந்த அலசல் கிடைக்காது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கருவியின் பெட்டியில் எழுதியிருப்பதற்கும் ஆய்வில் இருப்பதற்கும் உள்ள இடைவெளி தெரிந்தால்தான் அதைச் சரியாகப் பயன்படுத்த முடியும்.

பெட்டியில் '99.9 சதவீதம் பிளேக் நீங்கும்' என்று பார்த்திருப்பீர்கள். அந்த எண் பொய் அல்ல. ஆனால் அது பிடுங்கி எடுத்த பற்களை வைத்துச் சோதனைக்கூடத்தில் செய்த ஆய்விலிருந்து வந்தது. பல்லின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 3 விநாடி நேராகத் தண்ணீர் அடித்து, தண்ணீர் பட்ட அந்த இடத்தில் மட்டும் எவ்வளவு படலம் போனது என்று பார்த்தார்கள். உயிருள்ள வாயில், வளைந்த கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால், தூக்கக் கலக்கத்தில் நாம் பிடிக்கும் கோணத்தில் அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு, 2019இல் ஒரு பெரிய தொகுப்பாய்வை (பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆய்வு) வெளியிட்டது. ஃபிளாஸ் நூல், இடுக்குக்குள் நுழையும் மெல்லிய சிறு பிரஷ்ஷான இடுக்கு பிரஷ், நீர்பீச்சி (அதாவது நம் வாட்டர் ஃபிளாஸர்) என்று பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் எல்லாவற்றையும் பற்றிய 35 சோதனைகள், 3,929 பேர். நீர்பீச்சியைப் பற்றி அது சொன்னது கலவையான செய்தி. வெறும் பிரஷ்ஷோடு ஒப்பிட்டால் ஒரு மாதத்தில் ஈறு அழற்சி குறையலாம். மூன்று மாதம், ஆறு மாதம் கழித்துப் பார்த்ததில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ரத்தம் வரும் இடங்களின் எண்ணிக்கையிலும் பிளேக்கின் அளவிலும் தெளிவான குறைவு இல்லை. கிடைத்த சான்றுகளின் உறுதி குறைவு என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நீர்பீச்சியைச் சோதித்த ஆய்வுகள் சில, அவற்றில் கலந்துகொண்டவர்களும் குறைவு.

2018இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு பல முறைகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டது. ஈறு ரத்தத்தைக் குறைப்பதில் இடுக்கு பிரஷ்ஷும் நீர்பீச்சியும் முன்வரிசையில் வந்தன; ஃபிளாஸ் நூலும் பல் குச்சியும் பின்தங்கின. 2008இல் வந்த ஒரு தொகுப்பாய்வோ கண்ணுக்குத் தெரியும் பிளேக் குறையவில்லை, ஆனாலும் ஈறு தேறுகிற போக்கு தெரிகிறது என்றது.

இவற்றை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? என் கணிப்பு இது. பல்லில் இறுகப் பிடித்த படலத்தைத் தேய்த்து எடுப்பதில் தண்ணீர் பலவீனமானது. தேய்க்க ஏதாவது உரச வேண்டும். ஈறின் ஓரத்தில் தளர்வாகக் கிடப்பதை அலசுவதில் அது கெட்டிக்காரன். ஆகவே வாட்டர் ஃபிளாஸர் பிரஷ்ஷுக்கு மாற்று ஆகாது. அது பிரஷ்ஷுக்குத் துணை. அந்தத் துணை உங்கள் ஈறுக்கு உதவுகிறதா என்று உங்கள் வாயில்தான் பார்க்க வேண்டும். நான்கு வாரத்தில் அது தெரிந்துவிடும். எப்படிப் பார்ப்பது என்று கீழே சொல்கிறேன்.

உங்களுக்கு இது வேண்டுமா

முதலில் உங்கள் இடுக்கைப் பாருங்கள். சிறிய இடுக்கு பிரஷ் ஒன்று வலிக்காமல், திணிக்காமல் நுழைகிறது என்றால், அந்த இடத்துக்கு அதுதான் சிறந்த கருவி. அது படலத்தை உரசி எடுக்கிறது. கோக்ரேன் தொகுப்பாய்விலும் அது நூலைவிட மேலாக இருக்கலாம் என்றே வந்தது. இடுக்கு மிக நெருக்கமாக, நூல் மட்டுமே நுழையும்படி இருந்தால், இரண்டு பற்களும் தொட்டுக்கொள்ளும் அந்தப் புள்ளியில் ஃபிளாஸ் நூல் செய்வதைத் தண்ணீர் செய்யாது. நூல் பழக்கம் ஏற்கெனவே இருந்து, ஈறிலும் ரத்தம் இல்லை என்றால் எதையும் மாற்ற வேண்டாம். புதுக் கருவி ஒன்றும் தேவையில்லை.

அப்புறம் யாருக்குத்தான் இது? பல்லில் கிளிப் போட்டிருப்பவர்களுக்கு. கம்பிக்கு அடியில் நூலைக் கோத்து எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். தண்ணீர் நேராகப் போய்விடும். பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்), இம்ப்ளான்ட் (எலும்பில் பதித்த செயற்கைப் பல்) வைத்திருப்பவர்களுக்கு, குறிப்பாக பிரிட்ஜின் அடிப்பக்கத்துக்கு. விரல் மூட்டு வலி, கை நடுக்கம் உள்ளவர்களுக்கு. ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தபின், ஈறு பல்லைவிட்டு விலகியதால் உண்டான ஆழமான குழி மிஞ்சியிருப்பவர்களுக்கு. கடைசியாக, நூலை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு வருடக்கணக்கில் தொடாமல் இருக்கும் பெரும் கூட்டத்துக்கு. இந்தக் கடைசி வகையினருக்கு நான் தயங்காமல் சிபாரிசு செய்வேன். ஆய்வில் எந்த இடம் பிடித்த கருவியானாலும் அதைத் தினமும் எடுப்பவருக்கு, வாங்கியதை டிராயரில் வைத்திருப்பவரைவிட ஈறு நன்றாக இருக்கும்.

எந்த வகை வாங்குவது

இரண்டு வகைதான். மேசையில் வைத்து மின்சாரத்தில் ஓடுவது ஒன்று, கையில் பிடித்து சார்ஜில் ஓடுவது இன்னொன்று.

மேசை வகையில் டேங்க் பெரியது. பலவற்றில் 600 மில்லிக்கு மேல் பிடிக்கும். ஒரு முறை நிரப்பினால் முழு வாய்க்கும் போதும். அழுத்தத்தை 10 முதல் 100 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை பல படிகளாக மாற்றலாம். கையில் பிடிக்கும் பகுதியில் டேங்க் இல்லாததால் அது எடை குறைவாக இருக்கும். கை நடுக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையடக்க வகைதான் இவர்களுக்கு வசதி என்று நினைப்போம், ஆனால் அதில் மோட்டாரும் பேட்டரியும் தண்ணீரும் சேர்ந்து கையில் கனக்கும்.

கையடக்க வகையில் டேங்க் 200 மில்லி அளவுக்குத்தான் இருக்கும், முக்கால் நிமிடத்தில் தீர்ந்துவிடும். பாதி வாயில் நிறுத்தி மறுபடி நிரப்ப வேண்டும். அந்த இரண்டாவது நிரப்பலைச் சோம்பலில் விட்டுவிடுகிறோம் என்பதுதான் இதன் உண்மையான குறை. இடம் குறைவு, அடிக்கடி பயணம் என்றால் இதை வாங்கலாம். வாங்கினால் இரண்டு முறை நிரப்புவதாக மனதில் தீர்மானித்துக்கொண்டு வாங்குங்கள்.

எதுவானாலும் மூன்றைப் பாருங்கள். குறைந்த அழுத்தத்துக்கு ஒரு படி இருக்க வேண்டும். மாற்று முனைகள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். டேங்க்கைத் திறந்து உள்ளே கைவிட்டோ பிரஷ் விட்டோ கழுவ முடிய வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் ஏற்பு முத்திரை 2017 முதல் சில நீர்பீச்சிகளுக்கு வழங்கப்படுகிறது. அது இருந்தால் நல்லது. இல்லாததெல்லாம் மோசம் என்று அர்த்தமில்லை.

முனைகளில் சாதாரண ஜெட் முனையே பெரும்பாலோருக்குப் போதும். கிளிப்புக்கு நுனியில் சிறு பிரஷ் உள்ள முனை இருக்கிறது. ஈறில் ஆழமான குழி உள்ளவர்களுக்கு மென்மையான ரப்பர் முனை உண்டு. எந்தப் பல்லில், எப்படி வைப்பது என்று பல் டாக்டர் காட்டியபின் அதைத் தொடுங்கள். நாக்குச் சுத்தம் செய்யும் முனைக்கு ஆசைப்பட்டுப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

முதல் நாள்

அவசரமில்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுங்கள். இரவு ஏன் என்றால், தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைகிறது. வாய் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாத நேரம் அது.

1. டேங்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்புங்கள். குளிர்ந்த தண்ணீர் பல் கூச்சம் உள்ளவர்களை முதல் நாளே ஓட வைத்துவிடும். சூடான தண்ணீர் ஈறுக்கும் ஆகாது, கருவிக்கும் ஆகாது. மணிக்கட்டில் ஊற்றினால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்க வேண்டும்.

2. முனையைக் 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள். லேசாக இழுத்துப் பாருங்கள். சரியாகப் பூட்டாத முனை வாய்க்குள் கழன்று வரலாம்.

3. அழுத்தத்தை மிகக் குறைந்த படிக்குக் கொண்டுவாருங்கள். முந்தைய ஆள் உச்சத்தில் விட்டுப் போயிருக்கலாம், ஆகவே பார்க்காமல் தொடங்காதீர்கள். புதுக் கருவியாக இருந்தால் முனையை பேசினுக்குள் காட்டி, தண்ணீர் சீராக வரும்வரை ஒரு முறை ஓடவிட்டு நிறுத்துங்கள்.

4. இனி உடம்பு நிற்கும் விதம். புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கண்ணாடியைப் பார்த்து நிமிர்ந்து நின்றால் தண்ணீர் தொண்டைக்குப் போகும் அல்லது கண்ணாடிக்குப் போகும். இடுப்பை வளைத்து முகத்தை பேசினுக்கு மேலே நன்றாகக் குனியுங்கள். முனையை வாய்க்குள் வைத்து, உதட்டை அதைச் சுற்றி லேசாக மூடுங்கள். பற்களைக் கடிக்காமல் தாடையைத் தளர்த்தி, வாயின் ஓரத்தில் ஒரு வழி விடுங்கள். தண்ணீர் அந்த வழியாகத் தானாக ஒழுகட்டும். மூக்கால் மூச்சு விடுங்கள். இவ்வளவும் ஆனபிறகுதான் சுவிட்சைப் போட வேண்டும்.

5. ஒரு பக்கக் கடைசிக் கடைவாய்ப் பல்லில் தொடங்குங்கள். ஜெட் முனை ஈறின் ஓரத்துக்கு நேராக, 90 பாகையில் இருக்க வேண்டும். முனையை ஈறின்மேல் குத்தி அழுத்தக் கூடாது. பட்டும் படாமல் இருந்தால் போதும். பல்லும் ஈறும் சேரும் கோட்டிலேயே மெதுவாக நகர்ந்து, இடுக்கு வந்ததும் ஓரிரு விநாடி நில்லுங்கள். நிற்பதுதான் முக்கியம். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிப்பது போல வீசிக்கொண்டே போனால் கோட்டில் மட்டும் தண்ணீர் படும், இடுக்குக்குள் போகாது.

6. வெளிப்பக்கம் முடிந்ததும் அதே வரிசையில் உள்பக்கம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில் காரை சீக்கிரம் சேரும். எச்சில் சுரப்பி அங்கேதான் திறக்கிறது. அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். ஆனால் முனையைப் பல்லின் பக்கமே வைத்திருங்கள். நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு மெல்லியது, தண்ணீர் அங்கே நேராக அடிக்கக் கூடாது. தொண்டை, கண், காது, மூக்கு எதன் பக்கமும் திருப்பக் கூடாது.

7. கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறத்தையும் ஒரு முறை தொட்டுவிட்டு, சுவிட்சை அணைத்தபின் முனையை வெளியே எடுங்கள். வரிசை மாறினால் சட்டை நனையும்.

மொத்தம் ஒன்று முதல் இரண்டு நிமிடம். முதல் நாள் கூடுதலாக ஆகும், ஆகட்டும். அதன்பின் பிரஷ்ஷை எடுங்கள். முதலில் தண்ணீர், பிறகு ஃபுளோரைடு பேஸ்ட் என்ற வரிசைக்குக் காரணம் இருக்கிறது. துலக்கியபின் தண்ணீர் பீச்சினால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடையும் அலசிவிடுகிறோம். ஃபிளாஸ் நூலை வைத்து 2018இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலும், இடுக்கை முதலில் சுத்தம் செய்து பிறகு துலக்கியவர்களுக்கே இடுக்கில் பிளேக் குறைவாகவும் ஃபுளோரைடு கூடுதலாகவும் இருந்தது. துலக்கி முடித்ததும் நுரையைத் துப்பிவிடுங்கள், ஆனால் வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்காதீர்கள்.

அடுத்த நான்கு வாரங்கள்

முதல் சில நாட்கள் ரத்தம் வரும். வழக்கத்தைவிடக் கூடுதலாகவும் வரலாம். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் நிறுத்துகிறார்கள். அழற்சியில் இருக்கும் ஈறில் எது பட்டாலும் ரத்தம் வரும். வரும் ரத்தம் கருவி உண்டாக்கிய காயம் அல்ல. அழுத்தம் குறைந்த படியில் இருந்து, வலியும் இல்லை என்றால் தொடருங்கள். தினமும் விடாமல் செய்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும்.

இப்போது, கருவி உதவுகிறதா என்று பார்க்கும் அந்தக் கணக்கு. ஒரு தாளில் வாயை ஆறு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேலே வலது, முன், இடது, கீழேயும் அதே மூன்று. முதல் நாள் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நிறுத்தி, வெள்ளை பேசினில் துப்பிப் பாருங்கள். சிவப்பு இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. பிறகு தினமும் பார்க்க வேண்டாம். 7, 14, 21, 28ஆம் நாட்களில் இதே போலச் செய்யுங்கள். ஆறில் ஐந்து இடத்தில் இருந்த புள்ளி ஒன்றிரண்டாக இறங்கினால் கருவி தன் வேலையைச் செய்கிறது. ஒரே பகுதியில் மட்டும் புள்ளி விடாமல் நின்றால் அங்கே நம் கோணம் தப்பு, அல்லது அடியில் காரை இருக்கிறது. எனக்கு அப்படி நின்றது மேல் வலது கடைவாயில். அங்கே இரண்டு விநாடி நிறுத்தாமல் நகர்ந்துகொண்டிருந்தேன் என்பது தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இந்தக் கணக்கை ஏமாற்றும் விஷயங்கள் இரண்டு உண்டு. புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்த ஓட்டம் அடங்கியிருக்கும். ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் குறைவாகவே வரும். ஆகவே ரத்தம் இல்லை என்பது அவர்களுக்கு நற்சான்று ஆகாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதற்கு நேர் எதிர், சிறு அழற்சிக்கும் கூடுதலாக வரும். இந்த இரு வகையினரும் தாளை நம்பாமல் பல் டாக்டரின் அளவை நம்ப வேண்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து, வசதியாக இருந்தால் அழுத்தத்தை ஒரு படி ஏற்றிப் பார்க்கலாம். வலித்தால் இறக்கிவிடுங்கள். உச்ச அழுத்தத்துக்குப் போயே தீர வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை; நடுப்படியில் நின்று இடுக்கு இடுக்காகச் செய்வதே மேல். பிளேக்கை நிறம் காட்டும் மாத்திரை கிடைத்தால் மாதம் ஒரு முறை பயன்படுத்துங்கள். தண்ணீர் பட்டும் போகாத படலம் எங்கே என்று கண்ணால் பார்த்தால், அந்த இடத்துக்கு நூலோ இடுக்கு பிரஷ்ஷோ தேவை என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

தண்ணீரில் எதையாவது கலக்கலாமா

வெறும் தண்ணீரே போதும். மவுத்வாஷ் கலக்க ஆசையாக இருந்தால் பாதிக்கு மேல் வேண்டாம், முடிந்ததும் வெறும் தண்ணீரை ஓடவிட்டு உள்ளே கழுவிவிடுங்கள். உப்பு, சோடா மாவு போன்றவை முழுசாகக் கரையாமல் குழாயை அடைக்கும்; உப்பு உள்ளே இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். எண்ணெய்கள், பிளீச்சிங் போன்றவற்றை நினைக்கவே வேண்டாம். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி மருந்தைப் பல் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், கருவியில் ஊற்றலாமா, எவ்வளவு கரைத்து ஊற்றுவது என்று அவரிடமே கேளுங்கள். அதைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும்.

நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

கருவியையும் கழுவ வேண்டும்

வாயைச் சுத்தம் செய்யும் கருவிக்குள் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தால், பல்லில் வளரும் அதே மாதிரிப் படலம் குழாய்க்குள்ளும் வளரும். ஆகவே முடிந்ததும் மீதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சில விநாடி காலியாக ஓடவிட்டு, டேங்க்கைத் திறந்து காயவிடுங்கள். மூடியைப் போட்டு மூடி வைப்பதுதான் வழவழப்புக்கும் வாடைக்கும் காரணம்.

ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்து டேங்க்கில் ஊற்றி, பாதி தீரும்வரை ஓடவிடுங்கள். நிறுத்தி, கைப்பிடியைப் பேசினுக்குள் தாழ்வாக வைத்து 20 நிமிடம் விடுங்கள். பிறகு மீதியையும் ஓடவிட்டு, ஒரு டேங்க் வெறும் தண்ணீரால் அலசுங்கள். உப்புத்தண்ணீர் வரும் இடமென்றால் மாதம் ஒரு முறையே செய்யலாம். உப்பு படிந்துதான் பல கருவிகள் வேகம் குறைந்து போகின்றன. ஜெட் முனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், ரப்பர் முனை, பிரஷ் முனைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் மாற்றுங்கள். கருவியைக் குடும்பம் முழுக்கப் பகிரலாம், முனையைப் பகிரக் கூடாது. நிற வளையம் போட்டு வருவது அதற்குத்தான்.

மேசை வகையின் மின்சாரப் பகுதியை ஈரக் கையோடு தொடாதீர்கள், தண்ணீருக்குள் விழக்கூடிய இடத்தில் வைக்காதீர்கள்.

முதலில் டாக்டரைக் கேட்க வேண்டியவர்கள்

பல் பிடுங்கியிருந்தாலோ, ஈறில் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்தாலோ டாக்டர் சரி சொல்லும்வரை அந்தப் பக்கம் தண்ணீர் பீச்சாதீர்கள். குழியில் உறைந்து காயத்தை மூடியிருக்கும் ரத்தக்கட்டி கழன்றுவிடும், பிறகு தாங்க முடியாத வலி. செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், இதய உள்ளுறையில் முன்பு தொற்று வந்தவர்கள் தங்கள் இதய டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். ஈறில் சீழ், முகத்தில் வீக்கம், காய்ச்சல் இருந்தால் அது கருவியால் தீரும் விஷயம் இல்லை, அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் பயன்படுத்தினால் பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம், குறைந்த அழுத்தத்தில். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்தக் கட்டுரையில் மற்ற எதை மறந்தாலும் ரத்தக் கணக்கை மறக்கக் கூடாது. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும்.

அந்தத் தாளோடு பல் டாக்டரிடம்

28 நாள் முடிந்தும் புள்ளிகள் குறையவில்லை என்றாலும், குறைந்துவிட்டது என்றாலும் ஒரு முறை போய் வாருங்கள். பல் ஆடுவது, ஈறு கீழிறங்கிப் பல் நீண்டு தெரிவது, பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுவது, துலக்கினாலும் போகாத வாய் நாற்றம் இவற்றில் ஏதாவது இருந்தால் 28 நாள் காத்திருக்க வேண்டாம்.

போகும்போது ஈறின் குழி ஆழத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறின் ஓரத்தில் மெதுவாக இறக்கி ஒவ்வொரு பல்லாக அளப்பார்கள். 1 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. 4 மி.மீ.யும் அதற்கு மேலும் கவனிக்க வேண்டிய இடங்கள். சாதாரண ஜெட் முனையின் தண்ணீர் குழியின் முழு ஆழத்துக்கும் போகாது என்பதால் அங்கே என்ன செய்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும். காரை இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். காரையின் சொரசொரப்பு இருக்கும்வரை புதுப் படலம் அதைப் பிடித்துக்கொண்டு வளரும், நம் இரண்டு நிமிட உழைப்பு அதன்மேல் வழுக்கிப் போய்விடும். எண்களை வாங்கி அதே தாளில், ஆறு கட்டங்களுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அளக்கும்போது ஒப்பிட உங்களிடமே கணக்கு இருக்கும்.